இதழும் மூக்கும்: பிளவுற்ற முகத்தைச் சீர்செய்த வரலாறு

தமிழ் இலக்கணம் கற்பிப்போர் ஆண்டுதோறும் தவறாது நடத்தும் பாடங்களுள் ஒன்று எழுத்துகளின் பிறப்பு. தொல்காப்பியர் பிறப்பியலில் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு உறுப்புகளைக் காட்டுவார். நம் பவணந்தி முனிவர் நன்னூலில் அதனை மேலும் செறிவாக்கி, வல்லினத்துக்கு மார்பும், மெல்லினத்துக்கு மூக்கும், இடையினத்துக்குக் கழுத்தும் இடம் என்று வகுப்பார். இதழ், நா, பல், அண்ணம் ஆகியவற்றின் முயற்சியால் ஒலிகள் வேறு வேறாகும் என்பார். ஒலியின் பொருட்டு நம் முன்னோர் ஒருங்கு வைத்து எண்ணிய இதழும் மூக்கும் அண்ணமும் கருவிலும் ஒருங்கே உருவாகின்றன. அவற்றின் இணைப்பு ஓரிடத்தில் தவறினால், ஒன்று மட்டும் குலைவதில்லை. உதட்டுப் பிளவு என்று நாம் சொல்வது உண்மையில் உதட்டோடு நின்றுவிடுவதன்று. அது மூக்கையும் உடன் கொண்டு செல்வது. இதனை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்து செயல்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அவ்வரலாற்றை நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்று என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் உறுப்பின் அமைப்பைச் சிறிது காண்போம். நான் ஆசிரியப் பணி செய்த விளாத்திகுளம், வைப்பாற்றங்கரையில் அமைந்த கரிசல் நிலத்து ஊர். அதன் கிழக்கே வேம்பார், வைப்பாறு முதலிய கடற்கரை ஊர்கள். முத்துக்குளிப்பால் பெயர் பெற்ற கடல். முத்து விளைந்த நாட்டில் மூக்கணிகளுக்குக் குறைவிருக்குமா? மூக்குத்தி அணிவது நாசி மடலில். புல்லாக்குத் தொங்குவது இரு நாசித் துளைகளுக்கும் இடைப்பட்ட நடுச்சுவரில், மேலுதட்டுக்கு நேர் மேலே. உதடு ஒரு பக்கம் பிளந்து பிறந்த குழந்தையின் முகத்தில் இவ்விரண்டு இடங்களுமே நிலை மாறியிருக்கும். பிளவுப் பக்கத்து நாசி மடல் சரிந்து தட்டையாகிப் பக்கவாட்டில் விலகும். அதனைத் தாங்கும் குருத்தெலும்பு வளைவிழந்து கீழிறங்கும். நடுச்சுவரின் முன்முனை பிளவில்லாத பக்கம் சாயும். துளைகளுக்கு நடுவேயுள்ள சிறுதூண் ஒரு பக்கம் குட்டையாகும். இரு பக்கமும் பிளந்த குழந்தைக்கு அத்தூண் பெரிதும் குறுகி, மூக்கின் நுனி உதட்டோடு ஒட்டியது போலத் தோன்றும்.

காரணம் தசையில் உள்ளது. வாயைச் சுற்றி வளையமாக அமைய வேண்டிய தசை, பிளவினால் வளையம் முற்றுப்பெறாமல் ஒரு முனையை நாசி மடலின் அடியிலும் மறுமுனையைச் சிறுதூணின் அடியிலும் பற்றிக்கொள்கிறது. குழந்தை அழும்போதும் சிரிக்கும்போதும் அத்தசை மூக்கைத் தவறான திசையில் இழுக்கிறது. நட்ட கூடாரத்தின் கயிறு ஒரு பக்கம் மட்டும் இழுபட்டால் கம்பம் சாய்வதை ஒப்ப இதனை எண்ணிக்கொள்ளலாம்.

மூக்கு என்பது நம் நாட்டில் வெறும் உறுப்பன்று, மானத்தின் அடையாளம். 'மூக்கறுபட்டான்' என்னும் வழக்கு இன்றும் வாழ்கிறது. அதன் பின்னே மெய்யான குருதி உண்டு. திருமலை நாயக்கரின் இறுதிக்காலத்தில், 1656ஆம் ஆண்டை ஒட்டி, மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படை சத்தியமங்கலம் வழியே மதுரை நாட்டினுள் புகுந்தது. அகப்பட்டோரின் மூக்கை அறுத்துத் தம் அரசனுக்கு அனுப்புவது அப்படையின் வழக்கமாயிற்று. மேலுதட்டையும் சேர்த்து ஒரே வீச்சில் அறுப்பதற்கென ஒரு கருவியையே வீரர்கள் வைத்திருந்தனர் என்று அக்கால இயேசு சபையாரின் கடிதம் கூறும். இராமநாதபுரத்து இரகுநாத சேதுபதி பெரும்படையுடன் வந்து நாயக்கருக்குத் துணை நின்றார், மைசூர்ப்படை பின்வாங்கியது. மதுரைப்படையோ மைசூர் எல்லைக்குள் துரத்திச் சென்று அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது. வரலாற்றில் இது மூக்கறு போர் எனப்படுகிறது. விளாத்திகுளம் வட்டாரமும் அன்று மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்டதே. வெற்றி தோல்விகளை விரிவாகப் பேசும் நூல்கள், மூக்கும் உதடும் இழந்து வீடு திரும்பியோரைப் பற்றி வாளா இருக்கின்றன. அகிம்சையை முதல் அறமாகக் கொண்ட நமக்கு அம்மௌனமே பெரிதாகக் கேட்கிறது.

இத்தகைய தண்டனை நிலவிய நாட்டில் அதற்கு மருத்துவமும் தோன்றியது இயல்பே. சுசுருத சங்கிதை, கன்னத்துத் தோலை எடுத்து இழந்த மூக்கை அமைக்கும் முறையை விளக்குகிறது. மூக்களவுக்கு ஓர் இலையை வெட்டிக்கொண்டு, அதே அளவுக்குக் கன்னத் தோலை ஒரு பக்கம் உடலோடு பற்றியிருக்குமாறு உரித்து, மூக்கின் அடிப்பகுதியைச் சுரண்டிப் புண்ணாக்கி அதன்மேல் பொருத்த வேண்டும். மூச்சுவிட இரு குழல்களை வைக்க வேண்டும். அந்நூல் அதனை அடுத்தே உதட்டைப் பேசுகிறது. உதட்டை இணைப்பதும் மூக்கை இணைப்பது போன்றதே, குழல் மட்டும் வேண்டுவதில்லை என்கிறது. மூக்கையும் உதட்டையும் அடுத்தடுத்து வைத்த அந்த நூலாசிரியரின் கண் கூரியது. சமண ஆசிரியரான உக்கிராதித்தர், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் தம் கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலில் புலாலை மருந்தினின்று விலக்கினார் என்பதையும் இங்கு இடையே நினைவுகூரலாம். நம் மரபு மருத்துவத்தை விலக்கியதில்லை. மருத்துவத்திலும் கொல்லாமையைத் தேடியது.

நூலில் இருந்தது ஒருபுறமாக, கையில் இருந்த கலை வேறு வழியில் வாழ்ந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு எருது ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு அமைத்தார். பம்பாய் மாகாணத்து ஆங்கில மருத்துவர்கள் அருகிருந்து கண்டனர். இலண்டனில் வெளியான ஜென்டில்மன்ஸ் மேகசின், 1794 அக்டோபர் இதழில் படத்துடன் அதனை வெளியிட்டது.

அச்செய்தியில் உள்ள நுட்பங்கள் படிக்கப் படிக்க வியப்பூட்டுவன. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவாக்கிப் பொருத்திப் பார்த்தார்; பின் அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்தார். வரைந்த அளவு நெற்றித் தோலை உரித்து, இரு புருவங்களுக்கு நடுவே மட்டும் ஒரு சிறு பகுதியை அறுக்காமல் விட்டார். அவ்வழியே குருதி ஓடும். ஆகவே திருப்பி வைத்த தோல் உயிரோடு இருக்கும். ஓரங்களை ஒட்டவைக்கத் தையல் இல்லை. நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியிலும் கிடந்த காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவிப் பற்றிட்டார். 4 நாள் கழித்து நெய் தோய்த்த துணி. 10ஆம் நாள் அளவில் துளைகள் அடையாதிருக்க மென்துணித் திரி. 25ஆம் நாள் அளவில் புருவநடுவில் விட்டிருந்த இணைப்பை அறுத்தார். மண்ணைப் பிசைந்து அளவெடுத்து வடிவம் கொடுக்கும் கை, தோலையும் அவ்வாறே கையாண்டிருக்கிறது. எருதோட்டியின் பெயர் பதிவாயிற்று. படம் வரைந்தவரின் பெயரும் நிலைத்தது. மூக்கமைத்தவரின் பெயர் அச்செய்தியில் இல்லை.

இலண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ இம்முறையைப் பிணங்களில் பலமுறை பழகி, 1814 அக்டோபர் 23 அன்று உயிருள்ள ஒருவருக்குச் செய்தார். 1816இல் நூலாக எழுதினார். அங்கிருந்து அது ஐரோப்பா முழுதும் பரவியது. நெற்றித் தோலால் மூக்கமைத்தலை உலக மருத்துவ நூல்கள் இன்றும் இந்திய முறை என்றே வழங்குகின்றன.

ஆயினும் மூக்கறுபட்டவருக்கும் பிளவோடு பிறந்த குழந்தைக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. முன்னவருக்கு இல்லாததைக் கொண்டுவர வேண்டும். குழந்தைக்கோ பெரும்பாலும் எல்லாம் இருக்கின்றன. இடம் மாறிக் கிடக்கின்றன. இந்த வேறுபாட்டை உணராதவரை உதட்டறுவை என்பது பிளந்த ஓரங்களைப் புண்ணாக்கி இழுத்துத் தைப்பதாகவே இருந்தது.

அத்தகைய மிகப் பழைய அறுவைகளுள் ஒன்று சீன வரலாற்றில் வருகிறது. ஏறத்தாழ கி.பி. 390இல், வெய் யோங்சி என்னும் ஏழை இளைஞன் உதட்டுப் பிளவோடு ஆளுநர் ஒருவரின் மருத்துவரை நாடிச் சென்றான். வெட்டி இணைக்கலாம், ஆனால் 100 நாள் கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும், சிரிக்கவும் பேசவும் கூடாது என்றார் மருத்துவர். வாழ்நாளில் பாதி பேசாதிருக்க வேண்டுமென்றாலும் இருப்பேன், 100 நாள் பெரிதா என்றானாம் அவன். பிற்காலத்தில் அவன் உயர்பதவி பெற்றான். இங்கும் மருத்துவரின் பெயர் மறைந்தது. 100 நாள் மௌனத்தை விரதமாக ஏற்ற அவ்விளைஞனை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கு புரிந்துகொள்வர்.

இழுத்துத் தைக்கும் முறையில் உதடு மூடியது. மூக்கு அப்படியே இருந்தது. திருப்பம் 1955இல் வந்தது. அமெரிக்கரான ரால்ப் மில்லார்டு, கொரியாவில் பணியாற்றிய நாளில் பிளவுற்ற குழந்தைகளைக் கண்டு வகுத்த முறையை அவ்வாண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகப் பிளாஸ்டிக் அறுவை மாநாட்டில் வெளியிட்டார். மேலேறிக் கிடக்கும் உதட்டின் நடுப்பகுதியைச் சுழற்றிக் கீழிறக்கி, அதனால் மூக்கின் அடியில் உண்டாகும் இடைவெளிக்குள் பக்கவாட்டு உதட்டை முன்னேற்றி வைத்தல் என்பது அதன் சாரம். தழும்பு மேலுதட்டின் இயற்கையான வரம்பின்மேல் விழும். விலகிய நாசி மடலும் உள்நோக்கி வரும். இருப்பதைக் கண்டறிந்து அதற்குரிய இடத்தில் சேர்ப்பதே அவர் கொள்கை. உலகில் இன்று செய்யப்படும் உதட்டறுவைகளுள் மிகப் பல அதன் வழிவந்தவை.

ஆனால் மூக்கின் குருத்தெலும்பைத் தொட அக்கால மருத்துவர் பலர் அஞ்சினர். பச்சிளங் குழந்தையின் மூக்கில் கத்தி பட்டால் அது வளராமல் நின்றுவிடும் என்பது அவர்களுடைய அச்சம். ஆகவே உதட்டை மட்டும் சரிசெய்து, மூக்கை வளர்ச்சி முடியும் வரை விட்டுவைத்தனர். இதன் பொருள் என்ன? பள்ளிக்குச் செல்லும் முழுக்காலமும் அக்குழந்தை சரிந்த மூக்கோடு செல்ல வேண்டும் என்பதே.

அதன் விலையை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். ஒரு மாணவி, கைக்குழந்தையிலேயே உதடு தைக்கப்பட்டவள். தழும்பு மெல்லியது. மூக்கோ ஒரு பக்கம் படுத்திருந்தது. அண்ணத்தில் சிறு துளை எஞ்சியிருந்ததால் 'பாடம்' என்று அவள் சொன்னால் முதலெழுத்து மகரம் போல ஒலிக்கும். பகரத்துக்கு இதழ் இரண்டும் பொருந்தினால் போதாது. அண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்கவும் வேண்டும். அடைப்பு இல்லாவிடில் வல்லினம் மூக்கில் கசிந்து மெல்லினமாகிவிடும். நன்னூலார் வகுத்த இடப்பிறப்பு அவள் வாயில் தலைகீழாக நிகழ்ந்தது. வகுப்பில் மனப்பாடச் செய்யுளை அவள் எழுதிக் காட்டுவாள், ஒப்பிக்க எழமாட்டாள். திருமணப் பேச்சு வந்தபோது பெண் பார்க்க வந்தோர் அவள் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. கருவுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே போனாயா என்று அவள் தாயைக் கேட்டார்கள்.

கிரகணத்தைப் பற்றி இங்கே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மேலுதடு கருவின் 5 முதல் 7 வாரங்களுக்குள் உருவாகி முடிகிறது. நடுவிலிருந்து ஒரு மேடும் இரு கன்னங்களிலிருந்து இரு மேடுகளும் வளர்ந்து வந்து கூடுவதால் அது அமைகிறது. அண்ணம் 12ஆம் வாரத்தை ஒட்டி மூடுகிறது. பல தாய்மார் தாம் கருவுற்றதை உறுதியாக அறியும் முன்பே உதட்டின் கதை முடிந்துவிடுகிறது. வானத்தில் நிழல் விழுவதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மரபணு, தாயின் ஊட்டக்குறை, புகை, வலிப்புக்கு உண்ணும் சில மருந்துகள் எனப் பல கூடியே இது நேர்கிறது. நெருங்கிய உறவில் மணம் செய்வதையும் ஆய்வாளர் கருத்தில் கொள்கின்றனர். சிறு சமுதாயமாகிய நாம் இந்த இறுதிச் செய்தியை மட்டும் சற்று நின்று எண்ணலாம். ஏறத்தாழ 700 முதல் 1000 பிறப்புக்கு ஒன்று என இது உலகெங்கும் காணப்படுவது.

கருமம் என்று சொல்வோரும் உளர். உடலின் வடிவை அமைப்பது நாமகருமம் என்றும், வடிவங்கள் சமசதுரம் முதல் ஹுண்டம் ஈறாக ஆறு என்றும் நம் ஆகமம் கூறுவது உண்மை. விளாத்திகுளத்துக்கு மேற்கே, கோவில்பட்டியைக் கடந்து, கழுகுமலைப் பாறையில் பாண்டியர் காலத்தில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருமேனிகளைக் கண்டோர் சமசதுரம் இன்னதென்று கண்ணால் அறிவர். ஆனால் பொருள், இடம், காலம், பாவம் ஆகிய நிமித்தங்களோடு கூடியே கருமம் பயன் தரும் என்றுதானே நம் ஆசாரியர் விளக்கினர்? தாயைக் குற்றவாளி ஆக்குவதற்கும், குழந்தையை உள்ளறையில் வைத்து வளர்ப்பதற்கும் அதில் இடமில்லை. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானம் சொன்ன சமயம் நம்முடையது. மருந்து தானமாகும்போது, அம்மருந்தைப் பெறுவது எங்ஙனம் விதிக்கு மாறாகும்?

மீண்டும் மூக்குக்கு வருவோம். அச்சத்தை உடைத்தவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஹரால்டு மெக்கோம். உதடு தைக்கும்போதே, மூக்கின் தோலைக் குருத்தெலும்பினின்று மெல்லப் பிரித்து, சரிந்த குருத்தெலும்பைத் தையலால் மேலே தூக்கி நிறுத்தும் முறையை அவர் 1975இல் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் அக்குழந்தைகளைத் தொடர்ந்து அளந்துவந்தார். 10 ஆண்டு நோக்கிய முடிவை 1985இலும், குழந்தைகள் 18 வயது எய்தும் வரை நோக்கிய முடிவைத் தம் உடன்பணியாளருடன் 1996இலும் வெளியிட்டார். மூக்கின் வளர்ச்சி தடைப்படவில்லை. ஒரு கேள்விக்கு விடை காண 20 ஆண்டு காத்திருந்த அப்பொறுமையே இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி.

ஜப்பானின் மட்சுவோ 1980களில் வேறொன்றைக் காட்டினார். பிறந்து சில வாரங்கள் வரை தாயின் ஈஸ்ட்ரோஜென் சுரப்பு குழந்தையின் உடலில் எஞ்சியிருப்பதால் குருத்தெலும்பு மெழுகு போல இளகியிருக்கும். அப்போது கத்தியின்றியே அதனை வடிவாக்கலாம். அவர் முதலில் காதில் செய்தார். நியூயார்க்கின் கிரேசன் 1993இல் மூக்குக்குரிய ஒரு கருவி முறையை வெளியிட்டார். அண்ணத்தில் பொருத்தும் சிறு தகட்டிலிருந்து ஒரு தண்டு நீண்டு சரிந்த மடலை உள்ளிருந்து தாங்கும்; வாரந்தோறும் பல் மருத்துவர் அதனைத் திருத்துவார். புனேயின் செங்கல் கலைஞர் மெழுகில் அளவெடுத்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டிலும் இத்துறை வேரூன்றியது. நாகபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் 1958இல் பிளாஸ்டிக் அறுவைத் துறையை நிறுவிய சி. பாலகிருஷ்ணன், பிளவுகளை உதடு மட்டும், அண்ணம் மட்டும், உதடும் ஈறும் அண்ணமும் என மூன்று குழுவாகப் பகுத்தார். அது நாகபுரிப் பகுப்பு என்று இந்திய மருத்துவரிடையே வழங்குகிறது. பம்பாயிலிருந்து 1959இல் திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனைக்கு வந்த பார்சி மருத்துவர் அடேன்வாலா, அங்கேயே நெடுங்காலம் இருந்து பிளவுற்ற குழந்தைகளுக்காக உழைத்தார். அங்குள்ள மையத்துக்குத் தம் ஆசிரியர் சார்லஸ் பின்டோவின் பெயரையே சூட்டினார். ஆசிரியனாகிய எனக்கு அது தனி மகிழ்ச்சி. 2009இல் ஆஸ்கர் விருது பெற்ற ஸ்மைல் பிங்கி என்னும் குறும்படம், காசியில் இவ்வறுவை பெற்ற ஒரு சிற்றூர்ச் சிறுமியைப் பற்றியதே.

இன்று இம்மருத்துவம் ஏழைக்கும் எட்டும். நடுவண் அரசு 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு கண்டறிய வேண்டிய பிறவிக் குறைகளுள் உதட்டு, அண்ணப் பிளவும் ஒன்று, அறுவைக்குக் கட்டணமில்லை. ஸ்மைல் டிரெய்ன் போன்ற அறக்கட்டளைகளும் பல மருத்துவமனைகளில் செலவை ஏற்கின்றன. பெற்றோர் கேட்டறிய வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: உதட்டோடு மூக்கையும் சேர்த்துச் சீர்செய்வீர்களா? உதடு மூடிய அன்றே எல்லாம் முடிந்தது என்று ஊர் திரும்பிவிடுவது நம்மவரிடம் மிகுதி. அண்ணத்தை 9 முதல் 18 மாதத்துக்குள் மூட வேண்டும். பேச்சுப் பயிற்சி வேண்டும். 8 முதல் 11 வயதில் ஈற்றுக்கு எலும்பு வைக்க வேண்டியிருக்கலாம். முதலில் தூக்கி நிறுத்திய மூக்கும் வளர வளரச் சிறிது சரியக்கூடும். அதனை 16, 18 வயதில், முக வளர்ச்சி முடிந்தபின், நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து முழுமையாகத் திருத்துவர். முன்பு உதடு மட்டும் தைக்கப்பட்டு இப்போது வளர்ந்து நிற்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது.

உதட்டறுவைக்கு மருத்துவர் பழங்காலமாகக் கொள்ளும் அளவு பத்து என்னும் எண்: 10 வாரம், 10 பவுண்டு (ஏறத்தாழ நாலரைக் கிலோ) எடை, 10 கிராம் ஹீமோகுளோபின். இவற்றுள் எடைதான் கடினம். அண்ணமும் பிளந்த குழந்தையால் நன்கு உறிஞ்ச முடியாது. குழந்தையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்து, பிழிந்தெடுத்த தாய்ப்பாலைச் சங்கினால் சிறிது சிறிதாகப் புகட்டி, இடையிடையே தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்ய வேண்டும். பாட்டிமார் கையில் இருந்த அதே பாலூட்டும் சங்கு போதும். இன்றைய மருத்துவமனைகளிலும் அதனையே கொடுக்கச் சொல்கிறார்கள்.